எய்தவன் நின்ற இடம்

எங்கள் வீட்டில் வில் பிடிப்பவர் என் வீட்டுக்காரர். அவர் எய்த அம்பைத் தேடி எடுத்து வருபவன் அவருடைய தம்பி, என் கொழுந்தன். நான் கல்யாணமாகி அமரவிளைக்கு வந்தபோதே இந்த ஏற்பாடு அங்கே ஊறிப்போயிருந்தது. அண்ணனுக்கு எய்யத்தான் தெரியும், தம்பிக்குத் தேடத்தான் தெரியும். ஒருவர் வேலையை மற்றவர் செய்து நான் பார்த்ததில்லை.

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து ஓணம் வருகிற நேரத்தில் எங்கள் ஏலாவில் அம்பெய்த்து தொடங்கும். வயல்வெளியைத்தான் ஏலா என்போம். தாள் மட்டும் நிற்கிற வயலில் ஒரு வாழைத்தடையை, அதாவது வெட்டிய வாழையின் அடிமரத்தை நட்டு, அதில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிடுவார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு குலை ஏத்தன் வாழைக்காய். அந்தக் குலைக்காக வளர்ந்த ஆண்கள் போட்ட சண்டையைப் பார்த்தால் ராஜ்யத்தையே பங்கு வைக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். குறி தப்பிய அம்பு வரப்பைத் தாண்டி, மேட்டிலிருக்கும் மரச்சீனி விளைக்குள், அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள் போய் விழும். அதன் பிறகுதான் கொழுந்தனுக்கு வேலை.

அம்புக்கான ஈற்றல் மூங்கில் கள்ளிக்காட்டுக்கு மேலே மலையிலிருந்து வரவேண்டும். முனை அடிக்கக் கொல்லன் வீட்டில் காத்துக் கிடக்கவேண்டும். அதனால் விழுந்த அம்பை விட்டுவிட்டு வரும் வழக்கம் கிடையாது. அது சாப்பிட்ட இலையை எடுக்காமல் எழுந்து போவது மாதிரி. தேடுவதற்கும் ஒரு முறை இருந்தது. எய்தவன் கால் வைத்த இடத்தை விட்டு அசையக்கூடாது. வில்லை எய்த திசைக்கு நீட்டிப் பிடித்தபடி அங்கேயே நிற்கவேண்டும். தேடுகிறவன் அந்த நேரில் நடந்துகொண்டே போய், அடிக்கொரு தரம் திரும்பி, நிற்பவனைப் பார்த்து வழியைச் சரிசெய்துகொள்வான். எய்தவன் இடம் மாறினால் அம்பு கிடைக்காது என்பார்கள். சாஸ்திரம் ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. நிற்பவன் நகர்ந்துவிட்டால் நேர் போய்விடும். பிறகு ஒரு விளை முழுவதையும் கொத்திக் கிளறினாலும் பயனில்லை.

கொழுந்தன் தரையைப் பார்த்துத் தேடமாட்டான். மரச்சீனி மூடுகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து இலைத்தண்டுகளைப் பார்ப்பான். அம்பு பாய்ந்த வழியில் எங்காவது ஒரு தண்டு ஒடிந்து, வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் கசிந்து நிற்கும். அதற்கு நேர் பின்னால் அம்பு இருக்கும். எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "அண்ணே, இனி வாழைய விட்டுட்டு மரச்சீனியவே குறி வச்சு எய்யி. அப்பவாவது வாழையில கொள்ளுதான்னு பாப்போம்" என்பான். இவர் சிரிக்கமாட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி சிரிப்பார்.

அவன் பாறசாலை சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தான். கடையில் தமிழ்ப் பத்திரிகை வரும். தைக்கிறவர்கள் தைக்க, இவன் உரக்க வாசிப்பான். தமிழ் பேசுகிற தாலுக்காக்களை எல்லாம் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கூட்டம் எங்கே என்றாலும் போய்விடுவான். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தால் எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போகும் என்று எனக்கு வகுப்பெடுப்பான். பள்ளிக்கூடத்தில் தமிழ் இருக்கும், கச்சேரியில் மனு கொடுத்தால் தமிழில் கொடுக்கலாம் என்பான். எனக்குக் கேட்கப் பிடிக்கும். என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எந்த சர்க்கார் வந்தாலும் மரச்சீனிக்கு மண் அணைக்க நாம்தான் குனியணும் என்பார். இருந்தாலும் தம்பியைத் தடுத்ததில்லை. அவனுக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்ததும் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகட்டும் என்றுதான்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆடி முடிகிற சமயம். தெற்கே பெரிய ஊர்வலம் என்று காலையில் கிளம்பினான். விளைக்குப் போகிற வழியில் இவரும் கூடப்போனார். நெய்யாற்றுப் பாலத்தின் தென்கரையில், சாயாக்கடை முன்னால் வைத்துப் பிரிந்தார்கள். சாயங்காலம் வந்துவிடுவேன், மைனியிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல் என்றானாம். தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினானாம்.

மத்தியானம் கழிந்ததும் சேதி வந்தது. தெற்கே துப்பாக்கி வெடித்தது, ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள் என்று. பஸ் நின்றுபோனது. வயல் வழியாகவும் விளை வழியாகவும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். இவர் மண்வெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு நடந்தார். அடுத்த விளையில் குடியிருந்த சபை உபதேசியாரும் எங்களோடு வந்தார். வயசானவர், வெள்ளை ஜிப்பாவும் கையில் வேதப்புத்தகமுமாக இருப்பவர். போலீஸ்காரர்கள் அவரைத் தொடமாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது.

தம்பி பஸ் ஏறிய இடத்துக்கு வந்ததும் இவர் நின்றார். சாயாக்கடைக்காரரிடம் பஸ் எந்த மரத்தடியில் நின்றது என்று கேட்டு, இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளே, நீயும் உபதேசியாருமாட்டு தெக்க போய்த் தேடுங்கோ. நான் இங்க நிக்கேன். இந்த இடத்த விட்டு அனங்கமாட்டேன்."

இன்றைக்குக் கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தம்பியைக் காணவில்லை, அண்ணன் போகாமல் பெண்டாட்டியை அனுப்புகிறானே என்று. ஆனால் எங்கள் ஊரில் அப்போது அங்கே நின்ற ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. எங்களுக்குத் தெரிந்த தேடல் அது ஒன்றுதான். கடைசியாகக் கண்டவன் கண்ட இடத்தில் நிற்கவேண்டும், தேடுகிறவன் நேரே போகவேண்டும். அதில் நியாயமும் இருந்தது. எங்களுக்கு ஏதாவது தெரிந்தால் வருகிற ஆள் மூலம் சொல்லியனுப்ப ஓர் இடம் வேண்டுமே. தம்பி தானே ஓடி வந்தாலும் அந்தப் பாலத்தடிக்குத்தானே வருவான். தேடுகிறவனுக்குக் கண் வேண்டும், நிற்கிறவனுக்கு மனசு வேண்டும் என்று உபதேசியாரும் இவர் தோளைத் தட்டிவிட்டுத்தான் புறப்பட்டார்.

நாங்கள் ரோட்டில் போகப் பயந்து ஊடுவழியாக நடந்தோம். பாறசாலையைத் தொடும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அங்கே ஒரு சபைக்கோயிலில் உபதேசியாருக்குத் தெரிந்தவர்கள் கஞ்சி தந்து படுக்க இடம் கொடுத்தார்கள். விடிந்ததும் மறுபடி தெற்கே. வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டோம். உயரமாக, சுருட்டைமுடியோடு, புதுச்சட்டை போட்ட ஒரு பையனைப் பார்த்தீர்களா என்று. ஒருவர் பார்த்தேன் என்றார். கூட்டத்தில் முன்னால் நின்றான் என்றார். வெடி கேட்டதும் யார் எங்கே ஓடினார்கள் என்று தெரியவில்லை என்றார்.

நான் ரோட்டோரத்து விளைகளுக்குள் இறங்கிவிட்டேன். அடிபட்டு எங்காவது ஒளிந்து கிடப்பான் என்று மனசு சொன்னது. மரச்சீனி மூடுகளுக்கு இடையில் குனிந்து குனிந்து போனேன். அவன் பார்ப்பது மாதிரியே ஒடிந்த தண்டைப் பார்த்தேன். ஒடிந்த தண்டுகளுக்கா பஞ்சம்? ஊரே மிதித்துக்கொண்டு ஓடிய விளை. எல்லாத் தண்டிலும் பால் வடிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் போய்ப் போய்ப் பார்த்தேன். கை காலெல்லாம் கீறல். உபதேசியார் ரோட்டில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானும் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "மக்களே, ஆளத் தேடு. இலையப் பாக்காதே" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

தெற்கே மிஷன் ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம். காயம்பட்டவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிணங்களையும் பார்க்கவிட்டார்கள். அதையும் பார்த்தேன். அவன் இல்லை என்றதும் ஒவ்வொரு தடவையும் உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்து சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வேறு யார் யாருடைய பிள்ளைகளோ அங்கே கிடந்தார்கள், நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அமரவிளைக்குத் திரும்புகிற ஒருவரிடம், இன்னும் கிடைக்கவில்லை, இன்னும் தெற்கே போகிறோம் என்று பாலத்தில் நிற்பவரிடம் சொல்லச் சொன்னேன். அதற்கு அவர் சொல்லியனுப்பிய பதிலும் வந்தது. நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன், நேரே போங்கள் என்று.

மூன்றாவது ஊரோ நாலாவது ஊரோ, எனக்கு இப்போது நினைவில்லை. கால் வீங்கி ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு கம்பவுண்டர் சைக்கிளை நிறுத்தி உபதேசியாரிடம் பேச்சுக் கொடுத்தார். நாங்கள் தேடுவதைச் சொன்னதும், வடக்கே விசாரித்தீர்களா என்று கேட்டார். வடக்கே எதற்கு என்று நான்தான் கேட்டேன். வெடி வைத்த அன்றைக்குச் சாயங்காலமே, கையில் அகப்பட்ட காயக்காரர்கள் சிலரைப் போலீஸ் வேனில் ஏற்றித் திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், உங்களுக்குத் தெரியாதா என்றார்.

தெரியாது. எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்பு முன்னேதான் போகும். எய்தவன் முதுகுக்குப் பின்னால் போய் யாரும் அம்பு தேடியதில்லை. மனுஷன் அம்பு இல்லை என்கிற புத்தி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இல்லாமல் போனது. அவன் தெற்கே போன அன்றைக்கே வடக்கே திரும்பிவிட்டான். நாங்கள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் இல்லாத திசையில், நேர் தப்பாமல் நடந்துகொண்டிருந்தோம்.

ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு எங்களை அமரவிளையில் இறக்கிவிட்டார். இவர் அங்கேயே நின்றார். தாடி முளைத்து, கண் உள்ளே போய், அடையாளம் மாறியிருந்தார். சாயாக்கடைக்காரர் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லையாம். ராத்திரி கடை மூடிய பிறகும் அந்த மரத்தடியிலேயே துண்டை விரித்துப் படுத்தாராம். நான் லாரியிலிருந்து இறங்கும்போதே வடக்கே, வடக்கே என்று கத்தினேன். வேனில் கொண்டுபோன விவரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எப்போ கொண்டு போனாங்க?"

"அண்ணைக்கே. சாயங்காலம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பசியும் களைப்பும் என்று நினைத்தேன். தூக்கி நிறுத்தி, அதே லாரியில் ஏற்றி, நெய்யாற்றின்கரை தாண்டி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவன் அன்று விடிகாலையில் போய்விட்டிருந்தான்.

இவரும் உபதேசியாரும் உடலைக் கேட்டு வாங்க ஆபீஸ் பக்கம் போனார்கள். நான் அவன் கிடந்த கட்டிலருகே நின்றேன். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சேட்டன் வந்நோ? ஆ பாலத்தில் நிந்ந சேட்டன்?"

பாலத்தில் நின்ற அண்ணன் வந்தாரா என்கிறாள், அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். வேன் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றதாம். பின்பக்கம் திறந்த வேன். படுத்த இடத்திலிருந்தே ரோட்டோரத்தில் அண்ணன் நிற்பதை இவன் கண்டுவிட்டானாம். கூப்பிட முயன்றானாம், சத்தம் எழும்பவில்லையாம். ஆனாலும் அண்ணன் என் நேரே பார்த்துக்கொண்டு நின்றான், அவன் கண்டிருப்பான், இப்போது வந்துவிடுவான் என்று கிடந்த நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அண்ணனா என்று கேட்பானாம். நேற்று சாயங்காலம் வரை கேட்டானாம். அந்தப் பெண் இதைச் சொல்லி அழுதாள். நான் அவளிடம், இதைக் கொஞ்ச நேரத்தில் வரப்போகிற மனுஷரிடம் சொல்லிவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஏலாவில் அம்பெய்த்து நடக்கவில்லை. அடுத்த வருஷம் நடந்தது. இவர் போகவில்லை. வில்லை அதியன்னூரில் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். ராஜ்யத்தைப் பிரித்துக் கோடு போட்டபோது அவன் ஊர்வலம் போன ஊர்களெல்லாம் அந்தப் பக்கம் போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுபோனோம். துக்கம் கேட்க வந்தவர்கள் பலதும் சொன்னார்கள். போலீஸ்காரனைத் திட்டி என்ன ஆகப்போகிறது, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து விளைக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பெரியவர் மேல் வந்த கோபம் அவர் சாகும்வரை ஆறவில்லை.

அதன் பிறகு நாங்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம். பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். இவர் நல்ல மனுஷர், கை ஓங்காதவர், கடன் வைக்காதவர். ஆனால் நெய்யாற்றின்கரைக்குப் போகவேண்டும் என்றால் பஸ்ஸில் பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். நான் அவர்களை அதட்டுவேன். எதற்கு அதட்டுகிறேன் என்று அவர்களுக்கும் தெரியாது. அவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்பது எனக்கும் முழுசாகத் தெரியாது.

கடைசியில் படுக்கையில் விழுந்தார். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில், மழை பெய்துகொண்டிருந்தது, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைத் தடுத்தார்.

"பிள்ளே, ஒரு காரியம் சொல்லணும். ஒன்கிட்ட சொல்லாத்த ஒரு காரியம் உண்டு."

சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் தெற்கேயிருந்து ஒரு போலீஸ் வேன் வந்து பாலத்தடியில் நின்றது. எதிரே ஒரு காளைவண்டி பாலத்தில் ஏறிவிட்டதால் அது இறங்கும்வரை வேன் காத்து நின்றது. தனக்கு நேர் முன்னால். உள்ளே இருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். தெளிவில்லாத குரல். சாயாக்கடைப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிஷம் கால் தூக்கினார். போலீஸுக்குப் பயந்து அல்ல, இடம் மாறக்கூடாதே என்று திரும்பக் காலை வைத்துக்கொண்டார். தம்பி தெற்கே இருக்கிறான், நான் நகர்ந்தால் அவன் கிடைக்கமாட்டான் என்று நினைத்தார். காளைவண்டி இறங்கியது. வேன் போய்விட்டது.

"அது அவந்தானோ பிள்ளே?"

என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"இல்ல. அவனுக்கு வழியில எல்லாம் நினைவே கிடையாதாம். நர்ஸ் சொன்னா. வெள்ளம் கேட்டது வேற யாரோ ஆக்கும்."

"அவன் என்னக் கண்டிருக்கமாட்டான், இல்லியா?"

"நினைவில்லாத்தவன் எப்பிடிக் காணுவான்?"

மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அதற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன்.

"அப்போ அவன் என்னக் காத்துக் கிடக்கல்ல" என்றார்.

"கிடக்கல்ல" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். மிச்சக் கஞ்சியை ஊட்டினேன்.